லீட்டில் போட்ட விவரம் டீலுக்கு ஏன் வரவில்லை? கஸ்டம் ஃபீல்டுகளை நகலெடுப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில், மார்த்தாண்டம், கன்னியாகுமரி பக்கத்துச் சிறு நிறுவனங்களுக்கு சிஆர்எம், அதாவது வாடிக்கையாளர் விவரங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள், அமைத்துக் கொடுப்பது என் வேலை. சுற்றுலா வண்டி விடுபவர்கள், முந்திரி ஏற்றுமதி செய்பவர்கள், ரப்பர் ஷீட் வாங்கி விற்பவர்கள், மாடியில் சோலார் போட்டுத் தருபவர்கள் என்று தொழில்கள் வேறு வேறு. போனில் வரும் சந்தேகம் பெரும்பாலும் ஒன்றுதான்: ஓர் இடத்தில் அடித்து வைத்த விவரம் இன்னோர் இடத்துக்கு எப்படிப் போகும்?

கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்திருக்கிறேன். உதாரணத்துக்குப் பெரும்பாலும் கன்னியாகுமரிச் சுற்றுலா நிறுவனம் ஒன்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் தொழிலுக்கு மாற்றிப் பார்த்துக்கொள்ளலாம்.

லீட், கான்டாக்ட், அக்கவுண்ட், டீல்னு நாலு இடம் எதுக்கு சார்? எல்லாத்தையும் ஒரே இடத்துல வெச்சா என்ன?

"மூணு நாள் டூருக்கு எவ்வளவு ஆகும்?" என்று ஒருவர் போன் பண்ணுகிறார். அவர் வருவாரா மாட்டாரா என்று தெரியாது. அந்த விசாரிப்புதான் லீட். வருவார் என்று உறுதியானதும் லீட்டை கன்வெர்ட் செய்கிறோம். அப்போது அந்த ஆள் கான்டாக்ட் ஆகிறார், அவர் வேலை பார்க்கும் பள்ளியோ கம்பெனியோ அக்கவுண்ட் ஆகிறது, அந்த ஒரு டூர் வியாபாரம் டீல் ஆகிறது.

ஒரே ஆள் அடுத்த வருடமும் வருவார். ஒரே பள்ளியிலிருந்து வேறு ஆசிரியர் பேசுவார். இதையெல்லாம் ஒரே வரியில் அடைத்தால் அடுத்த வருடம் அந்தப் பள்ளி எத்தனை முறை வந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. அதனால் பிரித்து வைப்பது நல்லதுதான். ஆனால் பிரித்ததும் இந்தப் பக்கத்தில் உள்ள கேள்விகள் எல்லாம் பிறக்கின்றன.

கஸ்டம் ஃபீல்டுன்னா நாமளே சேக்கிறதுதானே?

ஆமாம். ஃபீல்டு என்பது ஒரு விவரத்தை அடித்து வைக்கும் கட்டம். பெயர், போன், மின்னஞ்சல், ஊர் போன்றவை மென்பொருளோடு வருபவை. உங்கள் தொழிலுக்கு வேண்டிய "உணவு விருப்பம்", "பயணத் தேதி", "எத்தனை பேர்", "முந்திரி ரகம்", "மாடி எத்தனை சதுர அடி" போன்றவை நீங்கள் உருவாக்குபவை. முதல் வகையை கன்வெர்ட் செய்யும்போது மென்பொருளே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். இரண்டாம் வகைக்கு நாம் வழி காட்டினால்தான் போகும்.

லீட்டுலயும் "உணவு விருப்பம்" இருக்கு, கான்டாக்ட்லயும் "உணவு விருப்பம்" இருக்கு. பேரு ஒண்ணுதான். அப்புறம் ஏன் தானா போகல?

திரையில் நீங்கள் பார்க்கும் பெயர் வெறும் மேல் எழுத்து. உள்ளே ஒவ்வொரு ஃபீல்டுக்கும் மென்பொருள் அடையாளம் காண ஏபிஐ பெயர் என்று ஒன்று உண்டு. லீட், கான்டாக்ட் போன்ற ஒவ்வோர் இடத்தையும் மாட்யூல் என்பார்கள். இரண்டு மாட்யூலில் ஒரே மாதிரிப் பெயர் வைத்தாலும் மென்பொருளுக்கு அவை இரண்டு தனி ஃபீல்டுகள்தான், ஒன்றுக்கொன்று எந்த உறவும் கிடையாது. "இதில் உள்ளதை அதில் போடு" என்று நீங்கள் இணைத்துக் காட்ட வேண்டும். அந்த இணைப்புக்குப் பெயர்தான் மேப்பிங்.

மேப்பிங் இல்லாமல் கன்வெர்ட் செய்தால் எச்சரிக்கை எதுவும் வராது. கன்வெர்ட் வெற்றி என்றே காட்டும். அதனால்தான் பலருக்குச் சில மாதம் கழித்து, ஏதாவது ஒரு ரிப்போர்ட் எடுக்கும்போதுதான் காலி வரிசை கண்ணில் படுகிறது.

மேப்பிங் பண்ற இடம் எங்க இருக்கு? தேடித் தேடிக் கிடைக்கல.

ஸோஹோ, சேல்ஸ்ஃபோர்ஸ், ஹப்ஸ்பாட் என்று சிஆர்எம் மென்பொருள்கள் பல, அதைப் பொறுத்து இடம் மாறும். ஸோஹோ சிஆர்எம்மில் செட்டப்புக்குள் போய், கஸ்டமைசேஷன், மாட்யூல்ஸ் அண்ட் ஃபீல்ட்ஸ் என்று வந்து, லீட்ஸ் பக்கத்தில் உள்ள பட்டியலைத் திறந்தால் லீட் கன்வெர்ஷன் மேப்பிங் கிடைக்கும். இடதுபுறம் லீட் ஃபீல்டுகள், வலதுபுறம் அக்கவுண்ட், கான்டாக்ட், டீல் என்று மூன்று பத்தி இருக்கும். சேல்ஸ்ஃபோர்ஸில் செட்டப், ஆப்ஜெக்ட் மேனேஜர், லீட், ஃபீல்ட்ஸ் அண்ட் ரிலேஷன்ஷிப்ஸ், அங்கே மேலே மேப் லீட் ஃபீல்ட்ஸ் என்ற பொத்தான். இரண்டிலும் அட்மின் உரிமை இல்லாதவர்களுக்கு இந்த இடம் கண்ணிலேயே படாது. தேடிக் கிடைக்காததற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

ஹப்ஸ்பாட்டில் கதை வேறு. விசாரித்தவர் முதலிலேயே கான்டாக்ட்டாகத்தான் பதிவாகிறார். வாடிக்கையாளர் ஆனதும் அவருடைய நிலை மட்டும் மாறுகிறது. அதனால் அங்கே கான்டாக்ட்டிலிருந்து கம்பெனிக்கோ டீலுக்கோ விவரத்தைக் கொண்டுபோவதுதான் வேலை. அதை வொர்க்ஃப்ளோ, அதாவது "இது நடந்தால் அதைச் செய்" என்று நாம் அமைக்கும் தானியங்கி விதி, வைத்துச் செய்யலாம்.

எங்க லீட்டுல முப்பது ஃபீல்டு இருக்கு. எல்லாத்தையும் மூணு இடத்துக்கும் மேப் பண்ணிட்டா பாதுகாப்புதானே?

வேண்டாம். அப்படிச் செய்தவர்களின் சிஆர்எம்மைப் பிறகு சரிசெய்வது, புதிதாக அமைப்பதைவிடக் கஷ்டம். ஒவ்வொரு ஃபீல்டையும் எடுத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இது யாரைப் பற்றிய விவரம்? ஆளைப் பற்றியதா, நிறுவனத்தைப் பற்றியதா, இந்த ஒரு வியாபாரத்தைப் பற்றியதா?

மதுரையிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியர் விசாரிக்கிறார் என்று வையுங்கள். 45 பேர், ஜனவரியில் இரண்டு நாள். விவேகானந்தர் பாறை, திருவள்ளுவர் சிலை, பத்மநாபபுரம் அரண்மனை, திற்பரப்பு அருவி. பில் பள்ளியின் பெயரில். ஆசிரியருக்குச் சைவச் சாப்பாடு. இதில் சைவம் என்பது அந்த ஆசிரியரைப் பற்றியது, கான்டாக்ட்டுக்குப் போக வேண்டும். ஜிஎஸ்டி எண் பள்ளியைப் பற்றியது, அக்கவுண்டுக்கு. 45 பேர், பயணத் தேதி, பார்க்கும் இடங்கள் இந்த டூரைப் பற்றியவை, டீலுக்கு மட்டும். பயணத் தேதியை கான்டாக்ட்டிலும் போட்டு வைத்தால் அடுத்த வருடம் அதே ஆசிரியர் பேசும்போது பழைய தேதி அங்கே உட்கார்ந்திருக்கும். அதைப் பார்த்து ஒருவர் வண்டி ஏற்பாடு செய்துவிட்டால் போச்சு. பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. தேதி ஒரு நாள் தவறினால் 45 பிள்ளைகள் பூட்டிய வாசலில் நிற்பார்கள்.

முப்பது ஃபீல்டையும் இப்படிப் பிரித்துப் பார்த்தால் மூன்று இடத்திலும் வேண்டியது என்று அனேகமாக எதுவும் மிஞ்சாது. சிலவற்றை எங்கேயும் கொண்டுபோக வேண்டியதில்லை என்பதும் தெரியவரும். "எத்தனை மணிக்குத் திரும்பக் கூப்பிட வேண்டும்" என்ற ஃபீல்டுக்கு லீட்டோடு வேலை முடிந்துவிட்டது.

மேப்பிங்ல நான் தேடுற ஃபீல்டு பட்டியலிலேயே வரல. அங்க இருக்கு, நானே உருவாக்கினது. ஏன் காட்ட மாட்டேங்குது?

வகை ஒத்துப்போகவில்லை. லீட்டில் "எத்தனை பேர்" என்பதை எழுத்து வகையாக உருவாக்கியிருப்பீர்கள், டீலில் எண் வகையாக உருவாக்கியிருப்பீர்கள். எழுத்து வகையில் "45 + டிரைவர்" என்றும் அடிக்கலாம், அதை எண் ஃபீல்டு எப்படி வாங்கும்? அதனால் மென்பொருள் பொருந்துகிற வகைகளை மட்டும்தான் பட்டியலில் காட்டும். தேதிக்குத் தேதி, எண்ணுக்கு எண், பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் பிக்லிஸ்ட்டுக்குப் பிக்லிஸ்ட்.

ஃபார்முலா ஃபீல்டும் தானாக எண் போட்டுக்கொள்ளும் ஃபீல்டும் போகுமிடமாக இருக்க முடியாது. அவற்றின் மதிப்பை மென்பொருளே கணக்குப் போட்டு எழுதுகிறது, வெளியிலிருந்து எதையும் வாங்காது.

சரி, வகையை மாற்றிவிடலாமே என்று உடனே கை வைக்காதீர்கள். ஏற்கெனவே விவரம் உள்ள ஃபீல்டின் வகையை மாற்றினால், பொருந்தாத மதிப்புகள் அழிந்துபோக வாய்ப்புண்டு. சரியான வகையில் புதிய ஃபீல்டு ஒன்றை உருவாக்கி, பழையதிலிருந்து மதிப்புகளைச் சுத்தம் செய்து ஏற்றி, அப்புறம் பழையதை மறைப்பதுதான் பத்திரம்.

ரெண்டு பக்கமும் பிக்லிஸ்ட்தான். மேப்பும் பண்ணியாச்சு. ஆனா சிலது மட்டும் வரல, சிலது எரர் காட்டுது.

பட்டியலில் உள்ள மதிப்புகள் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். நம் மாவட்டத்திலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. நிறுவனங்கள் பழைய எக்ஸெல்லிலிருந்து எடுத்த தாலுகா பட்டியலில் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்று நான்குதான் இருக்கும். இப்போது கிள்ளியூர், திருவட்டாறு இரண்டையும் சேர்த்து ஆறு. லீட்டில் ஆறும் இருந்து கான்டாக்ட்டில் நான்கே இருந்தால், கிள்ளியூரில் இருந்து விசாரித்தவரின் தாலுகா போய் நிற்க இடம் இல்லை. சேல்ஸ்ஃபோர்ஸில் பட்டியலுக்கு வெளியே உள்ள மதிப்பை ஏற்காதபடி பூட்டி வைத்திருந்தால் எரர் வரும். பூட்டாமல் இருந்தால் மதிப்பு வரும், ஆனால் பட்டியலில் இல்லாத அனாதையாக நிற்கும்.

எழுத்து மாறுபாடும் இதே தொல்லைதான். ஒரு பக்கம் "திருவட்டாறு", இன்னொரு பக்கம் "திருவட்டார்". நமக்கு ஒரே ஊர், மென்பொருளுக்கு இரண்டு. இதற்கு நல்ல தீர்வு பொதுப் பட்டியல். ஸோஹோவிலும் சேல்ஸ்ஃபோர்ஸிலும் ஒரே பட்டியலைப் பல மாட்யூல்கள் பகிர்ந்துகொள்ளும் வசதி இருக்கிறது. ஒரு இடத்தில் திருத்தினால் எல்லா இடத்திலும் திருந்தும். தாலுகா, உணவு வகை, முந்திரி ரகம் போன்றவற்றை முதல் நாளே அப்படி அமைத்துவிடுங்கள்.

தமிழ்ல முகவரி அடிச்சா பாதியில வெட்டிருது. இங்கிலீஷ்ல அடிச்சா முழுசா வருது. தமிழுக்கு இடம் குறைவா?

தமிழுக்கு இடம் குறைவாகத் தரவில்லை, தமிழ் அதிக இடம் எடுக்கிறது. "கன்னியாகுமரி" என்பதை நாம் ஏழு எழுத்தாக எண்ணுகிறோம். கணினி அதைப் பன்னிரண்டாக எண்ணும், ஏனென்றால் புள்ளியும், கால், கொம்பு, சுழி போன்ற குறிகளும் தனித்தனி எண்ணிக்கை. லீட்டில் நீண்ட உரை வகையும் கான்டாக்ட்டில் 255 எழுத்து வரம்புள்ள சாதாரண உரை வகையும் இருந்தால், வீட்டுப் பெயர், விளை, தெரு, தபால் நிலையம், தாலுகா என்று நீளும் நம்மூர் முகவரி எளிதில் வரம்பைத் தாண்டும். சில மென்பொருள் சேமிக்க மறுக்கும், சிலது வால் பகுதியை வெட்டிவிடும்.

போகுமிடத்து ஃபீல்டின் நீளம், புறப்படும் இடத்து ஃபீல்டின் நீளத்துக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கட்டும். தமிழில் அடிக்கும் அலுவலகமானால் முகவரிக்கும் குறிப்புக்கும் நீண்ட உரை வகையே வையுங்கள்.

மேப்பிங் இன்னைக்குதான் போட்டேன். இதுக்கு முன்னாடி கன்வெர்ட் பண்ணின லீட்டோட விவரமெல்லாம் தானா வந்துருமா?

வராது. மேப்பிங் அதற்குப் பிறகு நடக்கும் கன்வெர்ட்டுக்கு மட்டும்தான். ஆனால் பழைய விவரம் அழிந்துவிடவில்லை, கன்வெர்ட் ஆன லீட்டில் அப்படியே இருக்கிறது. வழக்கமான பட்டியலில் அது தெரியாது, அவ்வளவுதான். சேல்ஸ்ஃபோர்ஸில் கன்வெர்ட் ஆன லீட் விவரத்துக்கென்று தனி ரிப்போர்ட் வகை இருக்கிறது. அதில் லீட்டின் பழைய ஃபீல்டுகளோடு, அது மாறிய கான்டாக்ட், அக்கவுண்ட், ஆப்பர்சூனிட்டி ஆகியவற்றின் ஐடியையும் சேர்த்து எடுக்கலாம். சேல்ஸ்ஃபோர்ஸில் டீலுக்குப் பெயர் ஆப்பர்சூனிட்டி. ஸோஹோவிலும் கன்வெர்ட் ஆன லீட்களுக்கு ரிப்போர்ட் எடுக்கலாம். அந்த எக்ஸெல்லை வைத்து, ஐடியைச் சாவியாகக் கொண்டு, ஏற்கெனவே உள்ள ரெக்கார்டுகளைப் புதுப்பிக்கும் முறையில் இம்போர்ட் செய்ய வேண்டும். "புதிதாகச் சேர்" என்பதைத் தேர்ந்தெடுத்தால் எல்லாரும் இரண்டு இரண்டாக வருவார்கள்.

பெயரை வைத்துப் பொருத்தவே கூடாது. நம் பக்கம் ஒரே பெயரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். அடுத்து, ஒரே ஒரு ரெக்கார்டை ஏற்றிப் பார்த்துவிட்டு மற்றதை ஏற்றுங்கள். ஏற்றும் முன் கான்டாக்ட்டையும் டீலையும் முழுவதுமாக எக்ஸ்போர்ட் செய்து பத்திரப்படுத்துங்கள்.

எக்ஸெல் வழியா ஏத்தினேன். போன் நம்பர் எல்லாம் நாசமாப் போச்சு. ஐடியும் பொருந்தல. எக்ஸெல்ல என்னதான் பிரச்சினை?

எக்ஸெல் எண்ணைப் பார்த்தால் கணக்குப் போடத் தயாராகிவிடும். நாகர்கோவில் குறியீடு 04652-ல் முன்னால் உள்ள சுழியத்தைத் தூக்கிவிடும். குழித்துறையின் 04651-க்கும் அதே கதி. 971 என்று தொடங்கும் வளைகுடா எண்ணின் முன்னால் உள்ள கூட்டல் குறி போய்விடும். நீளமான எண்ணை நடுவில் புள்ளி வைத்துச் சுருக்கிக் காட்டும். பதினைந்து இலக்கத்துக்கு மேல் போனால் அதற்குப் பிறகுள்ள இலக்கங்களை எல்லாம் சுழியமாக்கிவிடும். ஸோஹோவின் ரெக்கார்டு ஐடி அதைவிட நீளம். அதனால்தான் எக்ஸ்போர்ட்டில் ஐடிக்கு முன்னால் இசட்சிஆர்எம் என்ற எழுத்துகளைச் சேர்த்துத் தருகிறார்கள். அழகாக இருக்கட்டும் என்று அதை நீக்கிவிடாதீர்கள்.

சேல்ஸ்ஃபோர்ஸில் வேறொரு கண்ணி. ரிப்போர்ட்டில் வரும் ஐடி பெரும்பாலும் 15 எழுத்து. அதில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. இரண்டு பட்டியலைப் பொருத்தித் தேடும் எக்ஸெல்லின் விலுக்கப் (VLOOKUP) ஃபார்முலாவோ இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும். விளைவு, ஒருவருடைய பயணத் தேதி இன்னொருவர் டீலில் போய் உட்காரும், எந்த எரரும் வராது. 18 எழுத்து ஐடியை எடுத்துப் பொருத்தினால் இந்தக் குழப்பம் இல்லை.

கோப்பைத் திறக்கும்போதே போன், பின்கோடு, ஐடி வரிசைகளை உரை வகை என்று சொல்லித் திறங்கள். சேமிக்கும்போது சிஎஸ்வி யுடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுங்கள். சாதாரண சிஎஸ்வி என்று சேமித்தால் தமிழ் எல்லாம் கேள்விக்குறியாகிவிடும்.

கான்டாக்ட்ல வாட்ஸ்அப் நம்பர் மாத்திட்டேன். டீல்ல பழைய நம்பரே இருக்கு. டிரைவர் பழைய நம்பருக்குக் கூப்பிட்டுட்டாரு. ஏன் மாறல?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். கன்வெர்ட்டின்போது நடப்பது நகல். நகல் எடுத்த நொடியோடு இரண்டுக்கும் தொடர்பு அறுந்துவிடுகிறது. ஆதார் கார்டைச் செராக்ஸ் எடுத்து வைத்த பிறகு முகவரி மாற்றினால், செராக்ஸில் மாறுமா? அப்படித்தான்.

அதனால் நகலெடுக்கும் முன் இன்னொரு கேள்வி கேளுங்கள்: இது அன்றைக்கு இருந்தபடியே நிற்க வேண்டிய விவரமா, இன்றைக்கு எப்படி இருக்கிறதோ அப்படித் தெரிய வேண்டிய விவரமா? பேசி முடித்த விலை, அன்றைய முந்திரி ரேட், பில் போட்ட முகவரி எல்லாம் முதல் வகை. வாடிக்கையாளர் நாளைக்கு வீடு மாறினாலும் போன வருட பில்லில் போன வருட முகவரிதான் இருக்க வேண்டும். இவற்றை நகலெடுங்கள். போன் எண், வாட்ஸ்அப், உணவு விருப்பம் எல்லாம் இரண்டாம் வகை. இவற்றை நகலெடுக்காதீர்கள், கான்டாக்ட்டில் மட்டும் வைத்து, டீலில் இருந்தபடியே பார்க்க வழி செய்யுங்கள். சேல்ஸ்ஃபோர்ஸில் தொடர்புள்ள ரெக்கார்டிலிருந்து மதிப்பை எடுத்துக் காட்டும் ஃபார்முலா ஃபீல்டு போடலாம். அது எப்போதும் இன்றைய மதிப்பைத்தான் காட்டும். ஸோஹோவில் கான்டாக்ட் மாறும்போது டீலையும் புதுப்பிக்க ஸோஹோவின் சொந்த நிரல்மொழியான டெலூஜில் சின்ன ஃபங்ஷன் எழுதுவது வழக்கம்.

நான் அமைத்துக் கொடுக்கும் இடங்களில் ஃபீல்டு பட்டியலை எழுதும்போதே ஒவ்வொன்றுக்கும் எதிரே "அன்று" அல்லது "இன்று" என்று எழுதச் சொல்வேன். அரைமணி நேர வேலை. பிறகு வரும் தகராறில் பாதி அதிலேயே தீர்ந்துவிடும்.

அப்படின்னா ரெண்டு பக்கமும் ஒண்ணை ஒண்ணு மாத்திக்கிற மாதிரி வொர்க்ஃப்ளோ போட்டுரலாமா? டீல்ல மாத்தினா கான்டாக்ட் மாறணும், கான்டாக்ட்ல மாத்தினா டீல் மாறணும்.

கூடாது. ஒன்று மற்றொன்றை எழுப்ப, அது இதை எழுப்ப, சுற்றிக்கொண்டே இருக்கும். அல்லது இரண்டு பேர் ஒரே நேரத்தில் மாற்றினால் யார் போட்டது நிற்கும் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு விவரத்துக்கும் ஒரு வீடு இருக்கட்டும். வீட்டில்தான் திருத்த வேண்டும். மற்ற இடத்தில் அந்த ஃபீல்டைப் படிக்க மட்டும் என்று பூட்டிவிடுங்கள். டீல் பார்ப்பவர்களுக்கு கான்டாக்ட்டைத் திறக்க ஒரு கிளிக் கூடுதல் ஆகும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

ஒரு அக்கவுண்டுக்கு நாலு டீல் இருக்கு. டீல்ல உள்ள "பயணத் தேதி"யை அக்கவுண்டுல காட்டணும்னா எதைக் காட்டும்?

எது கடைசியாகச் சேமிக்கப்பட்டதோ அதை. அதுதான் சிக்கல். மார்ச் டூரின் டீலில் யாரோ ஒரு எழுத்துப் பிழையைத் திருத்திச் சேமித்தால், டிசம்பர் டூரின் தேதி இருந்த இடத்தில் மார்ச் தேதி வந்து உட்காரும். ஒன்றிலிருந்து பலதுக்கு நகலெடுப்பது சுலபம், பலதிலிருந்து ஒன்றுக்குப் போகும்போது "எது?" என்று நீங்கள் முடிவு செய்தே ஆக வேண்டும். கடைசிப் பயணத் தேதியா, அடுத்து வரும் பயணத் தேதியா, மொத்தம் எத்தனை டூரா? சேல்ஸ்ஃபோர்ஸில் அக்கவுண்டுக்குக் கீழ் உள்ள ஆப்பர்சூனிட்டிகளின் பெரிய தேதியையோ மொத்தத் தொகையையோ ரோல்அப் ஃபீல்டு வழியாகக் காட்டலாம். அது கணக்குப் போட்டுக் காட்டுவது, நகல் அல்ல. அதனால் பழையது உட்கார்ந்திருக்கும் பிரச்சினை இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். நகலெடுக்கும் வொர்க்ஃப்ளோவில் "மதிப்பு காலியாக இல்லாவிட்டால் மட்டும்" என்ற நிபந்தனையைப் போடுங்கள். இல்லையென்றால் காலியான டீல் ஒன்று அக்கவுண்டில் இருந்த நல்ல விவரத்தையும் காலியாக்கிவிடும்.

ஏற்கெனவே உள்ள கான்டாக்ட்டோட சேத்து கன்வெர்ட் பண்ணினேன். புது விவரம் வரவேயில்லை. மேப்பிங் எல்லாம் சரியாத்தான் இருக்கு.

சேல்ஸ்ஃபோர்ஸில் அது வேண்டுமென்றே அப்படி. ஏற்கெனவே உள்ள கான்டாக்ட், அக்கவுண்டில் இருக்கும் மதிப்பின் மேல் கன்வெர்ட் எழுதாது, காலியாக உள்ளதைத்தான் நிரப்பும். அந்த ஆசிரியர் போன வருடம் அசைவம், இந்த வருடம் சைவம் என்றால் அசைவம்தான் நிற்கும். கன்வெர்ட் செய்பவர் அதைக் கையால் திருத்த வேண்டும். மற்ற மென்பொருளில் எப்படி என்று, உங்கள் சிஆர்எம்மிலேயே சோதனை லீட் ஒன்றை உருவாக்கிப் பார்த்துவிடுங்கள்.

சூரிய உதயம் பாக்க காலைல 4.30-க்கு வண்டி. டீல்ல நேரம் சரியா இருக்கு. ஆனா தேதி மட்டும் எடுத்துப் போட்ட ஃபீல்டுல முந்தின நாள் காட்டுது!

மென்பொருள் நேரத்தை உள்ளே உலகப் பொது நேரத்தில் வைத்திருக்கிறது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். ஜனவரி 12 காலை 4.30 என்பது உள்ளே ஜனவரி 11 இரவு 11 மணி. திரையில் காட்டும்போது நம் நேரத்துக்கு மாற்றிக் காட்டும். ஆனால் சேல்ஸ்ஃபோர்ஸ் ஃபார்முலாவில் தேதியை மட்டும் பிரித்தெடுத்தால் உள்ளே உள்ள 11-ஐ எடுத்துவிடும். பத்து மணி வண்டிக்கு இது தெரியாது, காலை 5.30-க்கு முன்னால் உள்ளவற்றில் மட்டும்தான் வரும். முக்கடல் சங்கமத்தில் உதயம் காட்டும் தொழிலில் இருப்பவர்களுக்கு அதுதான் முக்கால்வாசி வண்டி.

ஃபார்முலாவில் நேரத்தோடு ஐந்தரை மணியை, அதாவது 5.5-ஐ 24-ஆல் வகுத்து வருவதை, கூட்டிவிட்டு அப்புறம் தேதியை எடுங்கள். இன்னும் சுலபம், தேதியையும் நேரத்தையும் முதலிலிருந்தே இரண்டு ஃபீல்டாக வைத்துக்கொள்வது.

சேல்ஸ்ஃபோர்ஸ்ல ஆப்பர்சூனிட்டிக்குள்ளேயே "பள்ளி டூர்", "குடும்ப டூர்"னு ரெக்கார்டு டைப் ரெண்டு வெச்சிருக்கோம். ஒண்ணுலேருந்து இன்னொண்ணுக்கு ஃபீல்டை எப்படி காப்பி பண்றது?

காப்பி பண்ண வேண்டியதே இல்லை. ரெக்கார்டு டைப் மாறினாலும் ஃபீல்டுகள் எல்லாம் அதே ஆப்ஜெக்ட்டில்தான் இருக்கின்றன. மாட்யூலுக்கு சேல்ஸ்ஃபோர்ஸில் பெயர் ஆப்ஜெக்ட். மாறுவது திரையில் எவை தெரிகின்றன, பிக்லிஸ்ட்டில் எந்த மதிப்புகள் கிடைக்கின்றன என்பதுதான். "குடும்ப டூர்" லேஅவுட்டில், அதாவது அதன் திரை அமைப்பில், அந்த ஃபீல்டைச் சேர்த்துவிட்டால் போதும். இது தெரியாமல் ஒரே ஃபீல்டை இரண்டாவது முறை உருவாக்கி வைத்திருப்பவர்கள் பலர்.

மதிப்பு வேண்டாம், ஃபீல்டோட அமைப்பு மட்டும் போதும். லீட்டுல உள்ள இருபது ஃபீல்டை டீல்ல மறுபடி ஒவ்வொண்ணா அடிக்கணுமா?

பெரும்பாலும் ஆமாம், ஒவ்வொன்றாகத்தான். சேல்ஸ்ஃபோர்ஸில் ஃபீல்டுகளின் அமைப்பு எழுதியிருக்கும் மெட்டாடேட்டா கோப்பை எடுத்து, ஆப்ஜெக்ட் பெயரை மாற்றி ஏற்றத் தெரிந்தவர் இருந்தால் வேகமாக முடியும். இல்லையென்றால் ஒரு எக்ஸெல்லில் பெயர், வகை, நீளம், பட்டியல், "அன்றா இன்றா" என்று எழுதி வைத்துக்கொண்டு அதைப் பார்த்து உருவாக்குங்கள். அந்த எக்ஸெல் உங்களுக்குப் பிறகு அந்த வேலைக்கு வருபவருக்கும் உதவும்.

லீட்டுல ஆதார் போட்டோ வாங்கி வெச்சிருக்கோம், ரூம் போட. அதையும் கான்டாக்ட்டுக்குக் கொண்டுபோகலாமா?

கொண்டுபோகாதீர்கள். ரூம் போட வாங்கியது ரூம் போட மட்டும். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது: எதற்காகச் சம்மதம் வாங்கினோமோ அதற்கு மட்டும் பயன்படுத்த வேண்டும், வேலை முடிந்தால் அழிக்க வேண்டும். நகலெடுத்தால் ஒன்றுக்கு இரண்டு இடத்தில் அழிக்க வேண்டியிருக்கும், இரண்டாவதை மறந்துவிடுவோம். வேலையாட்கள் எல்லாரும் கான்டாக்ட்டைத் திறக்கிற அலுவலகத்தில் ஒருவரின் ஆதார் அங்கே கிடப்பதை நான் அனுமதிப்பதில்லை.

எல்லாம் மேப் பண்ணி, பழசையும் ஏத்தியாச்சு. இப்ப லீட்டுல உள்ள பழைய ஃபீல்டை டெலீட் பண்ணிரலாமா?

அவசரப்படாதீர்கள். முதலில் லேஅவுட்டிலிருந்து எடுத்து மறைத்துவிட்டு ஒரு மாதம் பாருங்கள். யாராவது தேடுகிறார்களா, ஏதாவது ரிப்போர்ட் உடைகிறதா, வாட்ஸ்அப் மெசேஜ் டெம்ப்ளேட்டில் அந்த ஃபீல்டு இருந்ததா என்று அப்போது தெரியும். வெப்சைட்டில் உள்ள விசாரிப்புப் படிவம் அந்த ஃபீல்டில்தான் எழுதுகிறதா என்றும் பாருங்கள். இதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள்.

சேல்ஸ்ஃபோர்ஸில் அழித்த கஸ்டம் ஃபீல்டு 15 நாள் வரை மீட்கக் கிடைக்கும். அதற்குப் பிறகு விவரத்தோடு சேர்ந்து போய்விடும். ஸோஹோவில் அழித்த ரெக்கார்டு 60 நாள் ரீசைக்கிள் பின்னில் இருக்கும் என்பதை நினைத்துக்கொண்டு ஃபீல்டும் அப்படித்தான் என்று நம்பிவிடாதீர்கள், அவை வேறு வேறு. டெலீட் பொத்தானைத் தொடும் நாளில், கன்வெர்ட் ஆன லீட்களையும் சேர்த்து ஒரு முழு எக்ஸ்போர்ட் எடுத்து, தேதியோடு பெயரிட்டு, அலுவலகக் கணினியில் ஒன்றும் வெளியே ஒன்றுமாக வைத்துவிட்டு அப்புறம் தொடுங்கள்.